புது டிரைவர் போட்டும் மங்கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று முதல் வரியை எழுதிவிட்டேன், அதில் எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரியவில்லை, நீ முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்துகொள். நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும், அந்த இருமல் விட்டதா, வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. வாரத்துக்கு நாலு தடவை போனில் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்கு என்ன வந்தது, பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்துவிட்டாளே என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அப்பாவின் சட்டைப்பையில். பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், செய்தி ஏதாவது வந்தால் "கண்ணாடிய எங்கயோ வச்சுட்டேன், நீயே சத்தமா படி" என்று என்னிடம் நீட்டிவிடுவார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல எனக்கு இதை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

எல்லாம் நீ அனுப்பிய அந்தப் பெரிய திரையில்தான் ஆரம்பித்தது. குறை சொல்லவில்லை, லேப்டாப்பின் சின்னத் திரையில் எம்பிராய்டரி டிசைனைக் குனிந்து குனிந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது என்று நான் புலம்பியதற்காக ஆசையாக அனுப்பினாய். பள்ளிக்கூடத்துக்கு லீவு, வேன் ஓட்டும் வேலை இல்லை என்பதால் அப்பாவும் வீட்டோடு இருந்தார், பெட்டியைப் பிரித்து என் மெஷினுக்குப் பக்கத்து மேஜையில் அவர்தான் தூக்கி வைத்தார். ஒயரைச் சொருகினால் ஒரே கறுப்பு, நடுவில் சிக்னல் இல்லை என்று ஒரு பெட்டி மிதக்கிறது. நான் அதைப் படித்துச் சொன்னதுதான் தாமதம், "இந்த ரூம்ல போனுக்கே சிக்னல் கிடைக்காது, இதுக்கு எங்க கிடைக்கும்" என்று திரையைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார், நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நீ போனில் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு ஒயரை அழுத்திச் சொருகச் சொன்னாய், திரைக்கு அடியில் இருக்கும் பட்டனை அழுத்தி எந்த ஒயர் வழியாகப் படம் வருகிறது என்று காட்டச் சொன்னாய், வந்தது. வந்தும் என்ன பிரயோஜனம், எழுத்தெல்லாம் தண்ணீரில் ஊறியது போலத் தடிதடியாக, ஓரமெல்லாம் கலைந்து கிடந்தது.

அப்போதுதான் நீ அந்த வார்த்தையைச் சொன்னாய். "டிரைவர் ரொம்பப் பழசாயிடுச்சும்மா, இனிமே அதை வச்சு ஓட்ட முடியாது, ஞாயித்துக்கிழமை தூக்கிட்டுப் புதுசு போட்டுடலாம்" என்றாய். நான் சரி சரி என்றேன். வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய் வேனைக் கழுவ ஆரம்பித்தார், காலையில்தான் கழுவியிருந்தார். அதற்கப்புறம் இரண்டு நாள் உம்மென்று ஒரே மௌனம், கேட்டதற்கு ஆமாம் இல்லை அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை சாயந்திரம் தானாகவே வாயைத் திறந்து "பாப்பாகிட்ட யாரு சொன்னது?" என்றார். எதை என்றேன். "டிரைவரை மாத்தணும்னு" என்றார். அடக் கடவுளே, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயும் ஒரு டிரைவர் உண்டாம், திரையை ஓட்டுவது அதுதானாம், பாப்பா வேலையை விட்டுத் தூக்கப்போவது அந்த ஆளைத்தான், உங்களை இல்லை என்று விளக்கினேன். அவரும் சிரித்தார், அளவுக்கு மேலேயே சிரித்தார். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் எனக்கு உறுத்தியது. மனசில் ஒன்றும் இல்லாத மனுஷன் பாப்பா ஏன் அப்படிச் சொன்னாள் என்றுதானே கேட்பார், யார் சொன்னது என்றா கேட்பார்? சரி, எதையோ நினைத்துக் கேட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே இருந்தபடியே என் லேப்டாப்புக்குள் நுழைந்து அம்பை நீயே நகர்த்திப் பழையதை எடுத்துப் புதியதைப் போட்டாய். திரை ஒரு நிமிஷம் கறுத்துப் போனதும் எனக்கு உயிரே இல்லை, பிறகு பளிச்சென்று வந்தது பார், ஒவ்வொரு தையலும் தனித்தனியாகத் தெரிந்தது. என் குழப்பம் அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை, அம்பு வலது ஓரத்தில் போய்த் தொலைந்துவிடும், இங்கே திறந்த டிசைன் அங்கே கிடக்கும், இரண்டு திரையும் சேர்ந்து ஒரே நீளத் திரை என்று நீ படித்துப் படித்துச் சொன்ன பிறகுதான் மண்டையில் ஏறியது. ஆனால் அப்பா மட்டும் "இன்னும் மங்கலாத்தான் இருக்கு, புது டிரைவரும் சரியில்ல, பாப்பாவுக்குப் போன் போடு" என்றே நின்றார். அவர் அடித்துச் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அதனால்தான் உன்னை அத்தனை பாடு படுத்தினேன். நீயும் சலிக்காமல் வேறு ஒயர் வாங்கச் சொன்னாய், எழுத்தின் அளவை மாற்றினாய், வெளிச்சத்தைக் கூட்டினாய், டிரைவரை மறுபடியும் எடுத்துப் போட்டாய். உனக்கு அங்கே தெளிவு, எனக்கு இங்கே தெளிவு, அவருக்கு மங்கல். ஒருவேளை கோளாறு என் கண்ணில்தானோ, மங்கலைத்தான் நான் தெளிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேனோ என்று குழம்பி, கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே "உங்க கண்ணு ஜோரா இருக்கும்மா, யாரு உங்களை அனுப்பி வச்சது?" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்து பேட்ஜ் வேலையை முடித்துவிட்டு, ஒரு பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் தைக்க வேண்டிய பெயரைத் திரை முழுக்கப் பெரிதாக வைத்திருந்தேன், பக்கத்தில் ஒரு பல் படமும் உண்டு. அப்பா பின்னால் வந்து நின்றார். இப்போதாவது தெரிகிறதா, என்ன எழுதியிருக்கிறது சொல்லுங்கள் என்று சும்மாதான் கேட்டேன். கொஞ்சமும் தயங்காமல் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார், அதற்குக் கீழே பேட்ஜில் சின்ன எழுத்தில் வரும் வாசகத்தையும் தப்பில்லாமல் சொன்னார். வருஷக்கணக்காக அந்த வேனில் ஏறி இறங்குகிறவர், மனப்பாடம். நான் ஒரு மாதமாக அதே பேட்ஜைத்தானே வைத்து உட்கார்ந்திருக்கிறேன், இன்றைக்கும் அதுதான் என்று நினைத்துவிட்டார். சரியாகச் சொன்னீர்கள் என்று சொல்லிவிட்டேன் பாப்பா. ஏன் சொன்னேன் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது.

அன்றைக்கே சாயந்திரம் பேட்ஜ் வாங்க ஒரு குழந்தையின் அம்மா வந்தாள். "உங்க வீட்டுக்காரர் வண்டின்னா எம் பொண்ணுக்குக் கொள்ளை ஆசை, சிக்னல்ல பச்சை விழுந்தா பிள்ளைங்க எல்லாம் கத்தணுமாம், முதல்ல கத்துற பிள்ளைக்கு மிட்டாயாம்" என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இதே கதையை லீவுக்கு முன்னால் இன்னொருத்தி சொன்னபோது, குழந்தைகளோடு குழந்தையாக இருக்கிறாரே என்று நான் பூரித்துப் போனேன். இப்போது கேட்கக் கேட்க, அவளுக்குக் கொடுக்க வேண்டிய பேட்ஜை இரண்டு தடவை தப்பாக எண்ணினேன்.

நேற்று மெதுவாக, ஒரு கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவோமே என்று ஆரம்பித்தேன். "ஸ்க்ரீன்ல கோளாறு இருந்தா ஸ்க்ரீனைச் சரி பண்ணு, என் கண்ணை ஏன் இழுக்குற? ஸ்க்ரீன்ல ஒரு குறையும் இல்லன்னு பாப்பா சொல்லட்டும், அப்ப வர்றேன்" என்றார். நான் சொன்னால் எடுபடாது, உனக்கே தெரியும், கம்ப்யூட்டர் விஷயத்தில் நீ சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை. நீயோ அவர் மனசு நோகக் கூடாது என்று இன்னும் பார்க்கிறேன்ப்பா, வேறு ஏதாவது செய்யலாம்ப்பா என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாய். உன்மேல் தப்பில்லை, அவர் சொன்னதை நம்பி நாம் இரண்டு பேரும் திரைக்குள் தேடிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று வாரம்தான். டாக்டர் பார்த்தால் லேசில் தீருகிற விஷயமாகவும் இருக்கலாம், தீராமலும் போகலாம், எனக்கென்ன தெரியும். ஸ்டியரிங்கைப் பிடிக்காதே என்று சொன்னால் மனுஷன் ஒடிந்துபோவார். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள். ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன், பள்ளிக்கூடம் திறக்கிற அன்று அவர் அந்த வேனில் ஏறக் கூடாது, உன் பேச்சும் எடுபடவில்லை என்றால் நானே பள்ளிக்கூடத்து ஆபீசில் போய்ச் சொல்லிவிடுவேன், சொல்லிவிட்டு அவர் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் தெரியவில்லை. அந்த நிலைமைக்கு என்னை விட்டுவிடாதே. கடிதம் கிடைத்த அன்றே போன் போடு. திரை நன்றாக இருக்கிறது, முதல் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே நன்றாகத்தான் இருக்கிறது என்று நேராகச் சொல், சுற்றி வளைக்காதே.

இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா உள்ளே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டார். காகிதத்தைத் திருப்பி வைக்கக்கூட எனக்கு நேரமில்லை. பாப்பாவுக்கா என்றார், ஆமாம் என்றேன். குனிந்து, அந்தப் பிள்ளைகள் என்று நான் எழுதியிருக்கும் இந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "நல்லா எழுதியிருக்க, நானும் விசாரிச்சேன்னு ஒரு வரி சேர்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா உன்னை விசாரித்தார்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. போன் போட மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா