நான் பொன்முடி என்று சொன்ன தட்டு

ஜூன் 9, திங்கள்

மழை. கரண்ட் போய்ப் போய் வந்தது. மஸ்கட்டில் இருக்கும் ஒரு மாமாவிடம் "நீங்க முதல்ல குறைக்க வேண்டியது" என்று சொல்லும்போது வைஃபை செத்துவிட்டது. நான் திரும்பி வருவதற்குள் அவர் போய்விட்டார். எதைக் குறைக்கிறாரோ, பகவானே.

சமையலறைக்கும் பூஜை அலமாரிக்கும் நடுவில் இருக்கும் என் மேஜைக்கு கணவன் மஹேஷ் வைத்திருக்கும் பேர் 'மல்ட்டி ஸ்பெஷாலிட்டி கிளினிக்'. சிரிக்கட்டும். ஆஸ்பத்திரி வேலையை விட்டபோது, இந்தக் கரமனை வீட்டில் உட்கார்ந்துகொண்டு டயட்டீஷன் என்ன செய்யமுடியும் என்று கேட்டவர்கள்தான் இப்போது என் ரீல்ஸை ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொள்கிறார்கள்.

மதியம் பிரேமா. சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக் கடையில் வேலை. கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு போனில் என்னைப் பார்ப்பவள் இவள் ஒருத்திதான். நேரில் வர கடையில் விடமாட்டார்களாம். சாப்பாட்டு இடைவேளையில் ஸ்டாக் ரூமில் சேலைக் கட்டுகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு பேசுகிறாள். ஏழாம் மாதம், கர்ப்ப காலச் சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. ஊசியை டாக்டர் சுசீலாபாய் பார்த்துக்கொள்கிறார். சாப்பாடு என் பாடு.

"சோத்தக் கொறன்னு சொல்லுதிய மேடம். காலையில இருந்து நின்னுக்கிட்டே நிக்கோம். தின்னாத்தான கால் தரையில நிக்கும்?"

"குறைக்கலேன்னா குழந்தை உள்ளேயே பெருசாயிடும் பிரேமா, பின்னே ஆபரேஷன்தான்" என்று பயமுறுத்தினேன். ஒவ்வொரு வேளையும் சாப்பிடும் முன் போட்டோ அனுப்பவேண்டும் என்று மறுபடி சொன்னேன். மேலிருந்து எடுக்கணும், விளிம்பு வரைக்கும் தட்டு முழுசா தெரியணும். இது எல்லாருக்கும் நான் போடும் சட்டம். பாதித் தட்டை மறைத்துக்கொண்டு அனுப்பும் கள்ளர்கள் எத்தனை பேரைப் பார்த்தாச்சு!

ஜூன் 12, வியாழன்

பிரேமா மதியச் சாப்பாட்டுப் படம் அனுப்பினாள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். சம்பா அரிசிச் சோறு குவியல், பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு, உச்சியிலிருந்து வழிந்து இறங்கும் சாளை மீன் குழம்பு. திங்களன்று பயமுறுத்தியதெல்லாம் காற்றில் போயிற்று. கோபமும் வந்தது. சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தால் எனக்கு ரீல் வரும்.

படத்தை ஸ்கிரீனில் போட்டு, பக்கத்தில் நான் நின்று: "இது தட்டா, பொன்முடி மலையா? மேலே போகணும்னா ஹேர்பின் வளைவு எத்தனைன்னு எண்ணிண்டு ஏறணும். உச்சியில மூடுபனி இல்லை, சாளைக் குழம்பு!" பிறகு தட்டை நான்காகப் பிரித்து எது எவ்வளவு என்று பாடம்.

எடிட் செய்த மஹேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். "அவாகிட்ட கேட்டியா?" என்று ஒரு தடவை கேட்டான். பேர் இல்லை, நம்பர் இல்லை, முகம் இல்லை. தட்டுக்கு என்ன முகம்? யாருடையது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

ஜூன் 14, சனி

லட்சம் பார்வை தாண்டிவிட்டது! தமிழ்ப் பக்கத்தில் இதுவரை ஆயிரத்துக்கே மூச்சு வாங்கும். தஞ்சாவூர் அத்தை கூட "அந்தப் பொன்முடி யாரடீ?" என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

ஜூன் 17, செவ்வாய்

பிரேமா திருந்திவிட்டாள்! இரண்டு நாளாகப் படங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன. கீரை, வெள்ளரிக்காய், ஒரு முட்டை. சோறு இருக்கிறதா என்று தேடவேண்டியிருக்கிறது. வாழை இலைத் துண்டில் வைத்து எடுத்திருக்கிறாள். சமத்து. ஹார்ட் போட்டு, 'சூப்பர் பிரேமா, இப்படியே போ' என்று எழுதினேன்.

கண்டிப்பாக இருந்தால் கேட்கிறார்கள். செல்லம் கொடுத்தால்தான் கேட்பதில்லை.

ஜூன் 20, வெள்ளி

எழுதினால் மனது நிலைக்கு வருமா என்று பார்க்கிறேன்.

மதியம் ஒரு புது நம்பர். "மேடம், பிரேமா வீட்டுக்காரர் பேசுதேன், பால்பாண்டி." ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர். இதுவரை பேசியதில்லை. "காலையில ஊசி போட்டுட்டு, வெறும் கீரையும் வெள்ளரிக்காயும் தின்னுட்டுப் போனா. ஏணியில நின்னு சேல எடுக்கையில மயங்கிட்டா. கூட நின்ன பிள்ள பிடிச்சிட்டா, அதனால விழல. சுகர் அடியோட எறங்கிட்டுன்னு சொல்லுதாவ. வார்டுல போட்டிருக்காவ. வயித்துப் புள்ளைக்கு மிஷின் வச்சுப் பாத்துக்கிட்டே இருக்காவ."

நான் "ஏன் அவ்வளவு குறைச்சா, நான் அப்படிச் சொல்லலையே" என்று கேட்டேன். முதலில் வாயில் வந்தது அது. நான் சொல்லலையே.

அவர் சொன்னார்: "கோவமாச் சொல்லல மேடம். அந்த வீடியோவுல தட்டுல அவ பேரு இருக்குல்லா. கல்யாணத்துக்கு அவ அம்ம குடுத்த தட்டு. பேரும் ஊரும் வெட்டியிருக்கு. ஆலங்குளத்துல எல்லார் போன்லயும் ஓடுது. கடையில பிள்ளைக பொன்முடி பொன்முடின்னு கூப்பிடுதாளுவ. அன்னையில இருந்து சோத்தத் தொடமாட்டேங்கா."

வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நிறுத்திப் பெரிதாக்கக்கூட வேண்டியதில்லை. விளிம்பில் புள்ளிப் புள்ளியாக: பிரேமா, ஆலங்குளம். விளிம்பு வரைக்கும் தெரியணும் என்று சட்டம் போட்டது யார்?

எங்காத்துல கரண்டியில கூட பேர் வெட்டியிருக்கே! அம்மா எனக்குப் போட்ட சீர்ப் பாத்திரம் அத்தனையிலும் இருக்கே. தினம் கைல எடுத்துண்டு எப்படிடீ பாக்காம விட்டே? சோத்தைப் பாத்தே. சோத்தை மட்டும்தான் பாத்தே.

அதைவிட இன்னொன்று. எழுதவே கூசுகிறது. ஊசியின் அளவு மாறாமல் சோறு மட்டும் இறங்கினால் என்ன ஆகும் என்று முதல் வருஷம் படிக்கும் பெண்ணுக்குத் தெரியும். அந்த இலைத் துண்டுகளைப் பார்த்தவுடன், ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று நான் கேட்டிருக்கவேண்டும். டாக்டருக்குச் சொல்லியிருக்கவேண்டும். நான் ஹார்ட் போட்டேன்.

ஜூன் 21, சனி

ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். கையில் ஆரஞ்சுப் பை. சர்க்கரை நோயாளிக்கு ஆரஞ்சு எத்தனை என்று அங்கே நின்று யோசித்தேன் – என்ன பிறவி நான்? உள்ளே போகவில்லை. ஆட்டோ பிடித்துத் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்தால் பிரேமாவிடமிருந்து குரல் செய்தி. பின்னால் வார்டு இரைச்சல்.

"மேடம், நல்லாருக்கியளா? எனக்கு ஒண்ணுமில்ல. புள்ளைக்குத் துடிப்பு நல்லாருக்குன்னாவ. இவரு ஒங்ககிட்ட என்னமும் பேசிட்டாரோ, மனசுல வச்சுக்கிடாதிய. அன்னைக்குப் பசி மேடம். அதான் அவ்வளவு வச்சிட்டேன். அந்த போட்டோவ ஒங்களுக்கு அனுப்பியிருக்கக்கூடாது. மன்னிச்சுக்கிடுங்க."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். ஏழு மாதப் பிள்ளையோடு நாள் முழுக்க நிற்கிறவள், பசித்ததற்காக, என்னிடம். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

பதில் அனுப்பவில்லை. என்ன சொல்ல, பரவாயில்லை என்றா?

ஜூன் 22, ஞாயிறு

ரீலைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன். நீக்கி என்ன? அது எங்கெங்கோ போய்விட்டது. மதியம் அத்தையே குடும்ப குரூப்பில் மறுபடியும் போட்டிருக்கிறாள், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளோடு. 'இதை அழிச்சுடுங்கோ' என்று எழுதினேன். 'ஏண்டீ, நன்னாத்தானே இருக்கு' என்றாள்.

மஹேஷ் ஒரு மன்னிப்பு வீடியோ போடச் சொன்னான். "எடிட் ஒண்ணும் பண்ண வேண்டாம். மனசுல உள்ளதைப் பேசு, அழுகை வந்தா அழு." சரி என்று உட்கார்ந்தேன். பேசினேன். நிஜமாகவே அழுதேன். பார்த்தால் பொட்டு கோணலாக இருந்தது. பொட்டைச் சரிசெய்துகொண்டு மறுபடி பேசினேன். இரண்டாம் தடவை வெளிச்சம் போதவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்து மூன்றாம் தடவை உட்கார்ந்தபோது, முதல் தடவை அழுத அதே இடத்தில் மறுபடியும் அழவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீ.

எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். மஹேஷ் ஏன் என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான். "அவாகிட்ட கேட்டியா" என்று கேட்டவன் அவன் ஒருத்தன்தான்.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டர் சுசீலாபாயைக் கூப்பிட்டு, பிரேமாவின் டயட்டீஷன் நான்தான் என்று சொன்னேன். தட்டு, வீடியோ, இலைத் துண்டுப் படங்கள், ஹார்ட், எல்லாம்.

"நானும் அந்தக் குட்டிகிட்ட கேட்டேன், ஆரு இப்படித் திங்கச் சொன்னான்னு. ஆரும் சொல்லல, நானாத்தான் கொறச்சேன்னு சாதிச்சா." என்றார் டாக்டர். "இனி நம்ம ஆஸ்பத்திரி டயட்டீஷன் பாத்துக்குவா. நீங்க வேண்டாம், கேட்டோ."

சரி டாக்டர் என்றேன். காட்டிக்கொடுக்கக்கூட இல்லை அவள். என்னைத் திட்டினவரும் இவ்வளவு மரியாதையாகத் திட்டுகிறார். வேறு யாராவது நன்றாகத் திட்டினால் தேவலை.

ஜூலை 16, புதன்

'எப்படி இருக்கே பிரேமா' என்று எழுதி அழித்தேன். இன்றும்.

ஆகஸ்ட் 20, புதன்

ஓணத்துக்கு மாமியாருக்குப் புடவை எடுக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். அவள் கடைக்குத்தான். பார்த்து, நாலு வார்த்தை நேரில் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை.

உள்ளே ஓணக் கூட்டம். செட்டு முண்டுத் துணி மலையாகக் கிடக்கிறது. பிரேமா கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து விலைச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. அப்போது கவுண்டரிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "ஏ பொன்முடி, அந்தக் கசவுச் சேல டப்பாவ இங்க தள்ளு!" பிரேமா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தள்ளினாள். வெகு நாளாக அதுவே பேர் என்பதுபோல. கூப்பிட்டவளும் கேலியாகக் கூப்பிடவில்லை. அவளுக்கு அது வெறும் பேர்.

ஒருத்திக்கு அவள் அம்மா அப்பா வைத்த பேரை நான் எடுத்துவிட்டேன்.

ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிட்டேன். புடவையும் வாங்கவில்லை. மாமியார் கேட்டதற்கு டிசைன் சரியில்லை என்றேன். பொய் சொல்வது சுலபமாக வருகிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

யாரிடமும் தட்டுப் படம் கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். வாயால் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். மஸ்கட் மாமா, "அப்போ நான் என்ன தின்னேன்னு நீ எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று சவால் விடுகிறார். கண்டுபிடிக்கப்போவதில்லை மாமா. நீங்கள் சொல்வதை நம்பப்போகிறேன்.

ஏதோ பெரிய தியாகம் செய்தவள் மாதிரி எழுதியிருக்கிறேன் பார். இது தியாகமில்லை. பயம்.

செப்டம்பர் 10, புதன்

பால்பாண்டி கூப்பிட்டார். இரண்டாம் தடவை அடித்தபோதுதான் எடுத்தேன்.

"பொம்பளப் பிள்ள, மேடம். சுகப் பிரசவம். புள்ளைக்குச் சுகர் பாத்தாவ, ஒரு கொறயும் இல்ல."

சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "மேடம், இருக்கியளா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

"புள்ளயப் பாக்க வாங்க. அவதான் கூப்பிடச் சொன்னா." கொஞ்சம் தயங்கினார். "வரும்போது போன் மட்டும் கொண்டுவராண்டாம்னு சொல்லச் சொன்னா. தப்பா எடுத்துக்கிடாதிய."

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

போனை மேஜையில் வைத்துவிட்டுப் போனேன். ஆரியசாலையில் மளிகை மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. மல்லி வாசனையும் சாக்கடை நாற்றமும். இரண்டு பேரிடம் பரோட்டா போடும் பால்பாண்டி வீடு என்று கேட்டுக் கண்டுபிடித்தேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். ஒரே அறை. பிரேமா கட்டிலில் சாய்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து அவள் அம்மா வந்திருந்தாள்.

"ஆரு பிள்ள இது?"

"தெரிஞ்ச மேடம்மா. கடைக்கு வருவாவ." அம்மாவுக்கும் சொல்லவில்லை.

குழந்தை நல்ல நிறம். தலை நிறைய முடி. விரலை நீட்டினேன், பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்ததைச் சொன்னேன். நான் செய்தது தப்பு பிரேமா, நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை. அம்மா காதில் விழாமல் மெதுவாகத்தான் சொன்னேன். அதிலும் கோழைத்தனம். அவள் "சரி மேடம், அத விடுங்க" என்று சிரித்தாள். நல்ல சிரிப்பு. மனது கொஞ்சம் லேசானது.

அப்போது அம்மா சோறு கொண்டுவந்தாள். ஆவி பறந்தது, பூண்டுக் குழம்பு, கருவாடு. "பால் குடுக்கிறவ நேரத்துக்குத் திங்காண்டாமா? சூடா இருக்கையில தின்னு."

பிரேமா என்னைப் பார்த்தாள். சாப்பாட்டை வாங்கி, சுவர் பக்கம் தள்ளி, ஒரு மூடியை எடுத்து மூடினாள். "பொறவு திங்கேம்மா."

"சாப்பிடு பிரேமா" என்றேன். "பசிக்கல மேடம்" என்றாள். அந்தப் பிள்ளை அவளை உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தது. பாலூட்டும் தாயின் பசியைப் பற்றி நான் எத்தனை வீடியோ போட்டிருப்பேன்.

இன்னும் கொஞ்ச நேரம் உட்கார ஆசையாக இருந்தது. பேர் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று கேட்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை. வேலை இருக்கு, வரேன் என்று எழுந்துகொண்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, உள்ளே மூடியை எடுக்கிற சத்தம் கேட்டது.