எனக்காக நீ தோற்ற சண்டை

என் வாயாடி அம்மாவுக்கு,

அங்கே சண்டை போட உனக்கு யாராவது கிடைத்தார்களா? நீ போனதிலிருந்து நம் வீட்டில் சத்தமே இல்லை. அப்பாவுக்குத்தான் அது ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுமரத்தைக் கரையேற்றிவிட்டு வந்து சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால், "இப்படிக் கம்முனு இருந்தா சோறு எப்பிடிம்மா எறங்கும், எதுனா திட்டிக்கினே போடேன்" என்கிறார். மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறார்.

உன் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், "வயித்தக் கட்டி மவள வளத்த மகராசி" என்று உன்னைப் புகழ்ந்தார்கள். துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயாவது வயிற்றைக் கட்டுவதாவது. வஞ்சிரத்தில் நடுத்துண்டு எப்போதும் உனக்குத்தான். "காலையிலேருந்து கத்துறவ நானு, எனக்குத்தான் தெம்பு வேணும்" என்று எங்கள் எதிரிலேயே எடுத்துப் போட்டுக்கொள்வாய். நீ எனக்காக விட்டுக்கொடுத்தது சோறு இல்லை அம்மா, ஒரு சண்டை. அதை யாரும் பேசவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பெரிய மார்க்கெட்டில் வாசல் தூணை ஒட்டிய இடம் யாருடையது என்று உனக்கும் பூங்காவனம் அத்தைக்கும் எத்தனை வருஷப் போர். வெள்ளைக்காரர் வீட்டில் சமைக்கிற குசினிக்காரர்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் நிற்கிற இடம் அது. அவள் மீன் கூடையை ஒரு சாண் நகர்த்தினால் நீ இரண்டு சாண் நகர்த்துவாய். பிறகு ஆரம்பிக்கும். காய்கறிக்காரர்கள் கடையை அப்படியே விட்டுவிட்டுக் கேட்க வருவார்கள். ஒருநாள்கூட நீ தோற்று நான் பார்த்ததில்லை.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் நான் பெரியவளானேன். கொடி மாறினால் என்ன, குப்பத்துக் கட்டுப்பாடு மாறவில்லை. வயசுக்கு வந்த பெண் குப்பத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகக்கூடாது. எனக்கோ டீச்சராக வேண்டும். நான் அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் நீ நாட்டாரிடம் போய் நின்றாய். ஊருக்குத் தலைவர்தான், ஆனால் அவர், "வூட்ல கேட்டுச் சொல்றேன்" என்றார். அவர் வீட்டில் இருப்பது யார்? சாட்சாத் பூங்காவனம் அத்தை.

அவளும் வாசலுக்கு வந்தாள். "ஒன் மவ போவட்டும். ஆனா நாளைக்கு மார்க்கெட்டுல, எல்லாரும் பாக்க, அந்த எடம் என்னுதுன்னு நீ ஒத்துக்கணும். நான் பேசறப்ப நீ எதுத்துப் பேசக்கூடாது."

அன்று இரவு நீ சாப்பிடவில்லை. வஞ்சிரம் இருந்தும்.

மறுநாள் நானும் உன் பின்னாலேயே வந்தேன். நீ தூணருகில் நின்று, "எடம் உன்னுதுதான்" என்று சொன்னாய். அறைகிற மாதிரி சொன்னாய். அத்தை விடவில்லை. "நாய்க்கு எலும்பு போடுற மாதிரி சொல்றே. நல்லாச் சொல்லு." உன் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்து, சரி, என் படிப்பு போச்சு என்று நினைத்தேன். நீ மெதுவாக, "எடம் உன்னுதுதாம்மா பூங்காவனம்" என்றாய்.

அதோடு முடிந்ததா? பழைய பாக்கியை எல்லாம் அவள் அன்றைக்குத்தான் பேசித் தீர்த்தாள். உன் நடை, உன் மீன், உன் பிறந்த வீடு, ஒன்றையும் விடவில்லை. நீ குனிந்து, ஏற்கெனவே செதில் எடுத்த சங்கராவையே மறுபடி மறுபடி சுரண்டிக்கொண்டிருந்தாய். குசினிக்காரர் ஒருவர் என்னிடம், "அஞ்சலாட்சிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா பாப்பா?" என்று ரகசியமாகக் கேட்டார். அவள் ஓய்ந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு சாக்கடை ஓரத்து மூலைக்குப் போய் உட்கார்ந்தாய்.

வீட்டுக்கு வரும்போது, "வருத்தமாம்மா?" என்றேன். "வருத்தமா, பல்லுதான் வலிக்குது. எம்மா நேரம் கடிச்சிக்கினே நிக்கிறது" என்றாய். சிரித்தோம். அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அந்த மூலைதான் உனக்கு. கேட்டால், "இங்கதான் காத்து வருது" என்பாய். என்ன காற்று வந்தது என்று எனக்குத் தெரியாதா அம்மா?

இப்போது செய்தி கேள். நான் டீச்சராகி முதல் வருஷம் முடியப் போகிறது. என் வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரி யார் தெரியுமா? பூங்காவனம் அத்தையின் கடைக்குட்டி செல்வி. போன மாதம் பெரியவளானாள். அதோடு நிறுத்திவிட்டார்கள். நாட்டார் இந்தத் தடவையும் வீட்டைக் கைகாட்டிவிட்டார். அத்தையோ, ஊர் என்ன பேசும் என்று பயந்துகொண்டு அசையவே இல்லை.

எனக்குச் சண்டை வராது, உனக்கே தெரியும். ஆனால் இன்று காலை மார்க்கெட்டுக்குப் போனேன். பதமாகத்தான் ஆரம்பித்தேன். அவள், "ஊருக் கட்டுப்பாடுடி, ஒனக்கு இன்னா தெரியும்" என்றதும் எனக்குள் என்னவோ ஆயிற்று.

"எங்கம்மா வாயக் கட்டிப்போட்டு என்னப் பள்ளிக்கூடம் அனுப்புனியே, அன்னிக்கு எங்க அத்தே போச்சு ஒன் கட்டுப்பாடு? ஊரான் வூட்டுப் பொண்ணு படிக்கலாம், நீ பெத்தது மட்டும் அடுப்பூதணுமா?"

நான் கத்தினேன் அம்மா. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினேன். காய்கறிக்காரர்கள் ஓடி வந்தார்கள். அத்தை எழுந்தாள். என்னைத் தூக்கிச் சாப்பிடப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே என் எதிரில் வந்து நின்றாள். "அன்னிக்கு ஒங்கம்மா வாயத் தொறந்திருந்தா நான் நின்னிருப்பனா? அவ தோக்கலடி. எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, மார்க்கெட் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். "இவ செயிச்சா. நான் தோத்தேன். எல்லாரும் கேட்டுக்கங்க, எம்மவ திங்கக்கெழமை பள்ளிக்கூடம் போறா."

அவளுக்கும் கழுத்து நரம்பு புடைத்துத்தான் இருந்தது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

செல்வி படித்து முடிக்கிற வரைக்கும் அவள் பாதையில் யார் வந்து நின்றாலும் நான் பேசுவேன் அம்மா. கேட்கிற மாதிரி பேசுவேன்.

இப்படிக்கு,
தொண்டை கட்டிப் போய் வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கும்
உன் மகள் தனம்