நீல முத்திரை

ஹுய்சோ,
நான்காம் மாதம், ஒன்பதாம் நாள்

ஹுவாய் ஆற்றங்கரைப் பணியில் இருக்கும் என் கணவருக்கு, வென்சியு வணங்கி எழுதுவது.

உறையின் மேல் நீல முத்திரையைப் பார்த்தபோதே உங்களுக்கு நெஞ்சு திக்கென்றிருக்கும். துக்க வீட்டில் யார் சிவப்பு முத்திரை குத்துவார்கள்? ஆம், மாமா போய்விட்டார். நேற்று முன்தினம் அல்ல, சென்ற பதினோராம் மாதமே. ஐந்து மாதமாக உங்களிடம் மறைத்தேன். உட்கார்ந்துகொண்டு மீதியைப் படியுங்கள்.

உடைந்த ஆற்றங்கரையை நீங்கள் அடைத்து முடித்த செய்தி நேற்றுத்தான் வந்தது. அதற்காகவே காத்திருந்தேன். மாமா படுக்கையில் விழுந்ததும் என்னைக் கூப்பிட்டார். "நான் செத்தா அவனுக்கு எழுதாதே, தாயி. தகப்பன் செத்தா வேலையை விட்டுட்டு இருபத்தேழு மாசம் வீட்ல உக்காரணும்னு சட்டம். பாதிக் கரையோட அவன் வந்துட்டா, அடுத்து வர்றவன் மொதல்லேருந்து மண்ணை அளப்பான். அதுவரைக்கும் வெள்ளம் காத்துக்கிட்டு நிக்குமா?" என்றார். பெரிய குற்றமாயிற்றே மாமா என்றேன். "குத்தம் எனக்கு, கரை அவனுக்கு" என்று சிரித்தார். இருமல் அந்தச் சிரிப்பையும் முடிக்க விடவில்லை.

எழுதும்போது கையை ஊன்றிக்கொள்ள நீங்கள் அனுப்பிய மூங்கில் மணிக்கட்டுத் தாங்கியை அவர் தொட்டதே இல்லை, தெரியுமா? "எனக்கென்ன கை நடுங்குதா? ஊன்றுகோல் அனுப்பியிருக்கான் பாரு!" என்று அலமாரியடியில் தள்ளியிருந்தார். அன்று அவரே கேட்டு வாங்கினார். நான் தேரை வடிவ நீர்க்குடுவையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர்விட்டு மை அரைத்துக் கொடுத்தேன். மூங்கில் மேல் கையைப் பதித்து, நான்கு நாளில் மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் பின்வரும் மாதங்களின் தேதி. நீங்கள் நம்ப வேண்டுமென்று ஒவ்வொன்றிலும் என் சமையலைக் குறை சொல்லியிருந்தார். கடைசியில் தூரிகையை மலை வடிவப் பீங்கான் தாங்கியில் தாமே சாய்த்து வைத்தார். இரண்டு நாளில் போய்விட்டார்.

இரண்டாம் மாதத்தில் கரை முடியும் என்பது அவர் போட்ட கணக்கு. முடியவில்லை. கடிதங்கள் தீர்ந்துவிட்டன.

மூன்றாம் மாதக் கடிதம் என்னுடையது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என் தூரிகையால், அவர் கையெழுத்தில் எழுதினேன். துக்க வெள்ளை உடுத்திய கையால் சிவப்பு முத்திரையும் குத்தினேன். தூரிகை கழுவும் கிண்ணத்தில் மூன்று முறை விரலை அலம்பியும் சிவப்பு போகவில்லை. உறவினர்கள் வேறு, "மகனுக்குச் சொல்லி விட்டாச்சா? ஏன் இன்னும் வரலை?" என்று துளைத்தார்கள். ஆள் போயிருக்கிறது என்று புளுகினேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

உங்கள் பதில் வந்தது. "அப்பா, இந்த முறை உங்கள் எழுத்து நன்றாகத் தேறியிருக்கிறது. மூங்கில் தாங்கி உதவுகிறது போலும். வெகு நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதங்களை எல்லாம் அவர் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று உரக்கப் படிப்பது வழக்கம். பாவி நான், அந்த வரிகளை மட்டும் படிக்க வாய் வரவில்லை.

மேலதிகாரி கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். நீங்கள் அறியாதவர், மறைத்தவள் நான். என்மேல் கோபம் இருந்தால் நேரில் வந்து தீர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்கு அரக்குப் பூசிக் கிழக்கு அறையில் வைத்திருக்கிறோம். உங்களுக்காகப் புதைக்காமல் காத்திருக்கிறோம். அவர் பெயர்ப் பலகையும் எழுதியாயிற்று, கடைசிப் புள்ளி ஒன்றுதான் பாக்கி. அது விழும்வரை அவர் உயிர் பலகையில் வந்து அமராது. மகனின் விரல் ரத்தம் தொட்ட தூரிகையால் வைக்க வேண்டிய புள்ளி அது. அவர் சாய்த்து வைத்த தூரிகை அந்த மலைத் தாங்கியிலேயே இருக்கிறது.

அவருக்காக ஒரு கடிதமே எழுதிவிட்டேன். அந்த ஒரு புள்ளியை என்னால் வைக்க முடியாது. வழியில் உடம்பைப் பார்த்துக்கொண்டு வந்து சேருங்கள்.

வென்சியு