நான் பின் அடித்துக் கொடுத்த நான்கு பக்கங்கள்

இன்று காலை அறிவியல் திருப்புதல் தேர்வு எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே புங்க மரத்தைப் பார்த்தேன். பழைய இலைகளையெல்லாம் கொட்டிவிட்டுத் தளிர் விட்டிருக்கிறது. இன்னும் தூசி படியாத தளிர். வெயில் பட்டு, இப்போதுதான் கழுவி வைத்ததுபோல மின்னியது. ஐந்தாம் கேள்வியைப் பாதியில் விட்டுவிட்டு உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

போன வருடம் இதே மரத்தடியில்தான் நாம் இலை தேடினோம். சிறு வயதில் வந்த ஏதோ காய்ச்சலால் உன் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாது. மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, வெளியே எதையோ வேடிக்கை பார்ப்பதுபோல நடிப்பாய். நானும் கூடவே நின்று பார்ப்பேன். அங்கே இரும்புக் கம்பெனிகளின் புகைக்கூண்டுகளைத் தவிர ஒன்றும் இருக்காது. கோடை விடுமுறையில் சென்னையில் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது.

அதற்குள் உனக்கு உயிர்ச்சக்தி ஏற்றிவிட வேண்டும் என்று நான் தீர்மானித்தேன். பள்ளி நூலகத்தில் அட்டை போன ஒரு புத்தகம் கிடைத்தது. தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைமேல் வாழும் மக்களின் வழிபாடுகளைப் பற்றியது. மூன்று இலைகளை விசிறிபோலச் சேர்த்துப் பிடித்து, அதில் மூச்சை ஊதி, தங்கள் காவல் மலையை அழைப்பார்களாம். அப்போது உச்சந்தலை வழியாக மெல்லிய சக்தி இறங்கி உடம்பை நிறைக்குமாம்.

"மலைக்கு எங்கடி போறது? கும்மிடிப்பூண்டில கீறதே புகைக்கூண்டுதான்" என்று சொல்லி, அந்தப் பக்கம் திரும்பிப் பெரிய கும்பிடு ஒன்று போட்டாய்.

ஆனால் ஒரு காலையில், மழை விட்ட பிறகு, உங்கள் மொட்டை மாடியிலிருந்து மேற்கே ஊத்துக்கோட்டைப் பக்கமாக ஒரு நீலக்கோடு தெரிந்தது. மலை என்றேன் நான். மேகம் என்றாய் நீ. மேகம் என்றால் நகர வேண்டுமே என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நகரவில்லை. ஒருவேளை நாமும் அதனோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தோமோ என்னவோ.

அந்த மலை மக்கள் பிடிக்கும் இலை இங்கே கிடைக்காது என்பதால் புங்க இலை. ஓட்டையும் கறையும் இல்லாத இலையாக இருக்க வேண்டும் என்றது புத்தகம். இங்கேயோ ஓர் இலையில் பூச்சி வெள்ளைக் கோடு கிழித்திருக்கும், இன்னொன்றில் முடிச்சு முடிச்சாக இருக்கும், எல்லாவற்றின் மேலும் கரி. மூன்று நல்ல இலை தேட ஓர் இடைவேளை முழுக்கப் போய்விடும். கிடைத்ததும் அந்த நீலக்கோடு இருந்த திசையைப் பார்த்து ஊதுவோம்.

புத்தகத்தை உன்னிடம் தருவதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். நடுவில் நான்கு பக்கங்கள் பயத்தையும் துக்கத்தையும் சாவையும் பற்றி இருந்தன. அவற்றைச் சேர்த்து மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்துவிட்டேன். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே நடந்துகொண்டிருந்தது? நீ ஆபரேஷன் என்று ஆரம்பித்தாலே உன் அம்மா, "கர்த்தர் பாத்துப்பாரு, நீ சும்மா இரு" என்பார். கம்பி மில்லிலிருந்து வந்த அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். கெட்டது எதுவும் உனக்குள் போகக் கூடாது என்று நானும் நிஜமாகவே நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லி ஆள் அனுப்பினாய்.

"இன்னாடி இது? லைப்ரரி புக்குல பின்னு அட்ச்சி வெச்சிக்கிற?"

"அது... கிழிஞ்சிருந்துச்சு."

"கிழிஞ்சா ஒட்டுவாங்க. இப்பிடி மூடி வெக்கமாட்டாங்க." பின்களைக் கெல்லி எடுத்ததில் உன் கட்டைவிரல் நகக்கண் சிவந்திருந்தது. "எல்லாம் படிச்சிட்டேன். பயம் ஒண்ணும் கெட்டது இல்லியாம்டி. வெறும் வெயிட்டாம்."

அப்படித்தான் எழுதியிருந்தது. அந்த மலை மக்கள் பயத்தையும் கோபத்தையும் பாவம் என்பதில்லை. கனம் என்கிறார்கள். கனத்தை மூச்சோடு காலடி வழியாக மண்ணில் விட்டால் பூமித்தாய் அதைச் சாப்பிட்டுக்கொள்வாளாம். காலியான இடத்தில்தான் மெல்லியது வந்து இறங்கும். அந்த நான்கு பக்கம் இல்லாமல் மற்ற பக்கங்களால் பயனே இல்லை.

உங்கள் வீட்டுப் பின்னால் குழாயடி ஈர மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றோம். நீ உடனே கண்ணைத் திறந்தாய்.

"ஏற்கெனவே கம்பெனிக்காரன் கொட்றதே இந்த மண்ணு தாங்கல. நாம வேற கொட்டணுமாடி? பாவம்."

"அப்ப வேணாமா?"

"கொட்டுவோம். கொட்டிட்டு ஒரு மக்கு நல்ல தண்ணி ஊத்திட்லாம்."

மறுபடி கண்ணை மூடி, நீளமாக மூச்சை விட்டுச் சொன்னாய்: "பயமா கீதுடி. ஊசி போட்டுத் தூங்க வெப்பாங்களாமே. முழிக்கலன்னா?"

"சீ, அப்டிலாம் பேசாத" என்று என் வாய் தானாகவே சொன்னது.

"பாத்தியா, மறுபடியும் பின்னு அடிக்கிற."

வாயை மூடிக்கொண்டேன். நீ எல்லாவற்றையும் சொன்னாய். சொல்லி முடித்ததும், "இப்ப உன் டர்னு. ஒருத்தர் குட்த்தா இன்னொருத்தரும் குடுக்கணும். அய்னியோ இன்னாவோ போட்டுக்கிறான் பாரு" என்றாய்.

அய்னிதான். ஒரு எலெக்ட்ரிக் ட்ரெயின் சத்தத்தோடு கடந்து போனது. பிறகு சொன்னேன்: "உனக்கு இப்டினு தெரிஞ்ச அன்னிக்கு, நல்லவேள எனக்கு இல்லனு நெனச்சேன்."

உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. நீ சிரித்தாய், மூச்சு வாங்கும் அளவுக்கு. "நான் டெய்லி நெனப்பேன்டி, இது உனக்கு வந்திருக்கலாமேன்னு. நான் ஜாலியா புக்கு எடுத்தாந்து குட்த்துக்கினு இருந்திருப்பேன்!"

அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தன இருவருக்கும். மக்கில் தண்ணீர் பிடித்து மண்ணில் ஊற்றினோம். கனம் இறங்கி, காற்றிலேயே நிற்பதுபோல இருந்தது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். நாம் சேர்த்த சக்தி உன்னைக் காப்பாற்றவில்லை. அதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ரொம்ப நாள் அந்தப் புத்தகத்தின்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாவது இலையில் கறை இருந்ததோ என்றுகூட யோசித்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்து உன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவே இல்லை.

"பாப்பா, உண்மைய சொல்லு. என் பொண்ணு பயந்துச்சா? என்னாண்ட சிரிச்சிக்கினேதான் இருந்துச்சு."

அடுப்படியிலிருந்து என் அம்மா 'இல்லை என்று சொல்' என்று எனக்குத் தலையாட்டினார். அப்படிச் சொல்லியிருந்தால் உன் அம்மா டீ குடித்துவிட்டுப் போயிருப்பார்.

"பயந்தா ஆன்ட்டி. என்னாண்ட சொன்னா. உங்க ஊட்டுக் குழாயாண்ட நின்னு எல்லாத்தையும் சொன்னா. அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் சிரிச்சோம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"சொல்லிட்டாளா" என்றார். அப்புறம், "எனக்கும் பயமாதான் இருந்துச்சு பாப்பா. அவளாண்ட சொல்லவே இல்ல" என்றார்.

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் வருகிறார். அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன். இதற்கு அய்னி என்று பெயர் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சில நாள் வெறும் சமையல் விஷயமாகவே இருக்கும். போன வாரம், யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். உன் குரல் எனக்கு மறந்துகொண்டே வருகிறது என்று.

"எனக்கு மறக்கல. இரு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு, நீ கூப்பிடுவதுபோலவே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.