நாற்பது தந்தப்பிடிக் கத்திகள் குறித்து மஞ்சுமலைக் கோட்டைக்கு விடுத்த ஓலை

வளம் ஓங்குக. முகில் தோயும் ஏழு குன்றுகளுக்கும் அவற்றினின்று இழியும் இரு நதிகளுக்கும் உரியவளும், நீலாறை நாட்டில் முடிசூடிப் பதினான்காம் யாண்டு செங்கோல் செலுத்துபவளுமாகிய அரசி வானவல்லியின் திருவோலை. மஞ்சுமலைக் கோட்டையின் காவல் பூண்ட ஏனாதி மள்ளனார் காண்க. உமது களஞ்சியத்தில் நெல் குறையாதிருக்கட்டும், சுனை வற்றாதிருக்கட்டும், வாயிற்காவலர் கண் அயராதிருக்கட்டும். இவ்வோலையின் கட்டு நெகிழ்ந்தோ இலச்சினை அரக்கில் விரிசல் கண்டோ இருப்பின், படியாமல் எம்மிடமே திருப்பி விடுக்க.

எம் பாசறை மேற்கண்காணி ஆதன் வெண்கோடனாரை நீர் நேரிற் கண்டதில்லை. புதுக்குடம் ஒன்று வந்தால், அதில் ஒரு பகல் முழுதும் நீர் நிரப்பி வைத்து, அடியைத் தடவிப் பார்த்த பிறகே அதைக் கொணர்ந்தவனுக்கு விடை கொடுப்பவர் அவர். பிறர் இட்ட முடிச்சை அவிழ்த்துத் தாமே மறுபடியும் இடுவார். மூடிய பொருள் எதையும் நம்பமாட்டார். கூடையானால் கவிழ்ப்பார், உறையானால் உருவுவார். தம் வீட்டுக் கதவைத் தாமே சாத்திவிட்டு, சாத்தியவன் எவன் என்று கேட்பவர் என அரண்மனைப் பணிமக்கள் அவரைப் பற்றிச் சிரிப்பது எம் செவிக்கும் எட்டியதுண்டு. ஆயினும் இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் பார்த்தனுப்பிய கூடாரம் எதுவும் ஒழுகியதில்லை என்பதனால் யாம் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டதில்லை.

எல்லைக் கானத்தைப் பற்றிய உடன்படிக்கை உமக்குத் தெரிந்ததே. கார்காலத்தில் ஓடைகள் தடம் மாறி எல்லைக்கற்களைப் பெயர்ப்பதனால், அவ்விரு திங்களும் நம்மவர் காட்டிலேயே தங்கிக் கற்களைக் காத்தல் வேண்டும். ஆனால் மேற்காட்டு அரசர் சேந்தங்கோவுக்கு நாம் கொடுத்த வாக்கின்படி, வாளோ வேலோ கோடரியோ அங்கே புகுதலாகாது. தலைக்கு ஒரு கத்தி. அதன் அலகும் ஒரு சாணுக்கு மேற்படலாகாது. குடிலுக்குக் கம்பு வெட்டுவதும், நனைந்த விறகைப் பிளந்து உள்ளே ஈரமேறாத பகுதியை எடுப்பதும், அலகின் முதுகில் சிக்கிமுக்கிக் கல்லை உரசிப் பொறி எழுப்புவதும், மீன் கீறுவதும், காலில் தைத்த முள்ளை எடுப்பதும் எல்லாம் அந்த ஒரு கத்தியாலேயே ஆகவேண்டும். சென்ற ஆண்டு முப்பத்திரண்டு பேர் போயினர். நம் பட்டறைக் கத்திகள் விறகு பிளக்கையில் பிடியோடு ஒடிந்தன; ஈரவிறகில் தீ பற்றவில்லை; குளிர்சுரம் கண்டது. திரும்பியவர் பத்தொன்பது பேர்.

இவ்வாண்டு சேந்தங்கோ தம் நட்பின் அடையாளமாக நாற்பது தந்தப்பிடிக் கத்திகளைத் தூதர் இளஞ்சேயனார் வழியே விடுத்தார். அவற்றை ஏற்றுக்கொள்வதே நலம் என்று நீர் எழுதிய ஓலையை வெண்கோடனார் மும்முறை படித்தார். பகைவராயிருந்தவர் மட்டமான கத்தியைத் தந்தால் காரணம் விளங்கும் என்றும், நல்ல கத்தியைத் தந்தால்தான் தமக்கு அச்சமாயிருக்கிறது என்றும் எம்மிடம் விண்ணப்பித்தார். குழு புறப்பட எட்டே நாள் இருந்தமையால், ஆயுதச்சாலை முற்றத்தில் எம் முன்னிலையிலேயே ஆய்வு நிகழட்டும் என்றோம்.

முன்பே மூன்று நாள் குளத்தில் ஊறிய மரக்கட்டைகள் முற்றத்தில் கிடந்தன. சென்ற ஆண்டு காட்டினின்று மீண்ட கூவை என்னும் கம்புவெட்டியும், பட்டறைக்கு உரிய பெருங்கொல்லர் பூதனாரும் வந்திருந்தனர். பின்னர்ப் பழி வாராதிருக்க, நாற்பதில் ஒன்றைத் தூதரையே கண்மூடி எடுத்துத் தருமாறு வெண்கோடனார் வேண்டினார். கண்ணாடிபோல் மினுங்கிய அக்கத்தியைக் கூவை திருப்பித் திருப்பிப் பார்த்து, ஐயா, இதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அடுப்பு மூட்ட வேறொன்று கொடுங்கள் என்றாள். முகம் பார்ப்பதற்கும் ஒரு முகம் வேண்டுமே அம்மா என்று தூதரும் விடவில்லை. அதைத்தான் போன ஆண்டு காட்டில் தொலைத்துவிட்டு வந்தேன், உங்கள் பக்கம் ஒதுங்கியிருந்தால் கொடுத்தனுப்புங்கள் என்றாள் அவள்.

அலகைக் கட்டையின் தலையில் வைத்து, முதுகில் தடியால் அடித்தாள். கத்தி வளையாமல் இறங்கிற்று. ஆனால் கட்டையின் ஈரம் பட்ட தந்தப்பிடி விலாங்குபோல் நழுவிற்று. முதுகு மெருகேறி உருண்டிருந்தமையால் கல் உரசியும் பொறி எழவில்லை. பிடிக்குக் கயிறு சுற்றினால் முதற்குறை தீரும், முதுகின் ஓரத்தை அரத்தால் தேய்த்துக் கூராக்கினால் மற்றது தீரும் என்று கூவை சொல்லி, அங்கேயே தேய்த்து, மூன்றாம் உரசலில் பஞ்சைப் பற்றவைத்தாள்.

வெண்கோடனார் முகம் தெளியவில்லை. பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பு எவ்வளவு என்று யார் கண்டது என்றார். ஒன்றை அவிழ்ப்பது ஆய்வு என்று தாம் பொறுத்துக்கொள்வதாகவும், நாற்பதையும் அவிழ்த்தால் அது தம் அரசர் முகத்தில் உமிழ்ந்ததாகும் என்றும் தூதர் உரைத்தார். தந்தம் உடைபட்டது. அலகின் இரும்பு குறுகாமல் மெலியாமல் பிடியின் கோடிவரை ஓடியிருந்தது. வெண்கோடனார் அதைத் தட்டி ஒலி கேட்டார், முகர்ந்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. மேற்கண்காணியாருக்கு நல்ல செய்தி கிடைத்துவிட்டது, பாவம், இனி எப்படித்தான் சோறு இறங்கப்போகிறதோ என்று பூதனார் சிரித்தார்.

அப்படியானால் உங்கள் கத்தியையும் காட்டலாமே என்றார் தூதர்.

பூதனாரின் சிரிப்பு நின்றது. பட்டறையின் புதுக்கத்தியைக் கொடுக்க அவர் கை நீளவில்லை. வெண்கோடனாரே எடுத்து உடைத்தார். பிடிக்குள் இருவிரல் நீளமே இரும்பு இருந்தது. மீதிக் குழி முழுதும் அரக்கு. களவு என்று அவர் வாயெடுக்குமுன் கொல்லர் நிலத்தைப் பார்த்தவாறே பேசினார். கொல்லன் இரும்பு திருடுவான் என்று ஐயுற்று, கத்திக்கு இவ்வளவுதான் என நிறுத்துக் கொடுத்தவர் மேற்கண்காணியார். அலகு சாண் நீளத்திலும் சொன்ன கனத்திலும் இம்மியும் குறையலாகாது என்று ஓலை விடுத்தவரும் அவரே. குறைப்பதற்கு எனக்கு மீந்திருந்தது அவர் கண் எட்டாத இந்த ஓர் இடம்தான் என்றார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று வெண்கோடனார் கேட்டதற்கு, சொல்லியிருந்தால் திருடன் இன்னும் இரும்பு கேட்கிறான் என்றிருப்பீர்கள் என்றார்.

வெண்கோடனார் உடைந்த இரு பிடிகளையும் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாதவர் பதின்மூன்று பேர் என்று கூவை சொன்னாள்.

எட்டு நாளில் பட்டறையால் நாற்பது கத்திகளைப் புதிதாகச் செய்தல் ஆகாது. ஒன்றை அறிந்தோம், முப்பத்தொன்பதை அறியோம். அவற்றையும் அவிழ்த்தால் நட்பு முறியும். அவிழ்க்காமல் கொடுத்தால் நம்மவர் உயிர் பிறர் சொல்லைப் பற்றி நிற்கும். யாம் இன்னமும் ஐயுறுகிறோம். தூதர் கண்மூடி எடுத்தார் என்பது மெய். கண்மூடியும் கைக்கு இடம் தெரியும் என்பதும் மெய். ஆகவே வெண்கோடனாரையே முடிவு செய்யச் சொன்னோம். இதுகாறும் நம்பாதிருந்து தாம் செய்தது இன்னதென்று கண்டமையால், நம்புவதற்கும் தமக்குத் தகுதியில்லை என்றும், ஆயினும் பிறர் கையில் கொடுத்துவிட்டு அரண்மனையில் இருந்து செய்தி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் முடிவு தம்மால் ஆகாது என்றும் அவர் சொன்னார்.

ஆதலின் இங்குள்ளோர்க்கு யாம் இட்ட ஆணை இது. தந்தப்பிடிக் கத்திகள் அனைத்துக்கும் முதுகு தேய்த்துக் கயிறு சுற்றுக. அவிழ்த்து ஆய்ந்ததற்கு மரப்பிடி இட்டு அதனைக் கூவைக்குக் கொடுக்க. பூதனாருக்கு இனி நிறுத்து இரும்பு கொடுக்கலாகாது; அவர் கேட்குமளவு கொடுக்க. உமக்கு உரிய ஆணை இது. தூதர் இளஞ்சேயனாரை உம்மிடம் விடுக்கிறோம். குழு மீளும்வரை நெய்யும் பாலும் தந்து உபசரிக்க. இடையில் அவர் புறப்பட விரும்பினால், மழை மிகுதி, வழி நன்றன்று என்று பணிவோடு சொல்க. எத்தனை முறை கேட்டாலும் அவ்வாறே சொல்க. குழுவுக்குத் தலைவராக இன்னும் ஒருவரை யாம் அமர்த்தவில்லை. அதற்குரியவர் தம் கையெழுத்தைக் கீழே இடுகிறார்.

இரு நதி சாட்சியாக, எம் கணையாழி பதித்து விடுத்தோம். ஏழ்குன்று இலச்சினை.

அவிழ்க்காத முப்பத்தொன்பதில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு குழுவோடு நான் போகிறேன். இவை ஆதன் வெண்கோடன் எழுத்து.