சக்கரை பாய் என்றாலும் திரும்பிப் பார்ப்பான்

என் சக்கரை அத்தாவுக்கு,

ஸலாம். உங்களுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். பாலுக்கு அழுதால் கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். அவனுக்கு உங்கள் பேரைத்தான் வைத்திருக்கிறேன். லேசில் நடந்த காரியம் என்று நினைக்காதீர்கள். சண்டை போட்டு வைத்த பேர்.

ஜக்கரியா என்று உங்களுக்குப் பேர் வைத்தவர்கள், மாமல்லபுரத்தில் அது என்ன பாடுபடும் என்று யோசித்திருக்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் சங்கும் சிப்பி மாலையும் விற்றீர்களே, அந்தக் கடை வாசலில் உங்களுக்கு எத்தனை பேர்! மாதா கோயில் டீச்சருக்கு நீங்கள் சகரியா. அவர்கள் வேதத்தில் அப்படித்தானாம். சிலை செதுக்குகிறவர்களுக்குச் சக்கரியா. வெள்ளைக்காரர்கள் ஸாக் என்று பாதியிலேயே முடித்துக்கொள்வார்கள். மீன்காரக் கன்னியம்மாவுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது. ஒரே வெட்டு, சக்கர பாய். ஊருக்கே அது பிடித்துப்போய்விட்டது.

உங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்து, பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னவர்கள்கூட உண்டு. நீங்கள் டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டே சரி சரி என்று தலையாட்டுவீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது நெஞ்சு வலி. சர்க்கரை உங்களைத் தொடவே இல்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். முதலில் என் நாத்தனார் ரஹமத். நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாளே, அவள்தான். பிள்ளைக்கு ரயான் என்று வைக்கச் சொன்னாள். நல்லவள் அத்தா, ஆனால் பயந்துபோயிருக்கிறாள். ஆபீஸ் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, சாவியை எடுத்து நீட்டிய ஓனர் இவள் பேரைக் கேட்டதும் வீடு முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். டு-லெட் போர்டு அவர் தலைக்கு மேலேயே தொங்கியதாம். அன்றிலிருந்து டாக்சிக்காரர்களுக்கு இவள் ரம்யா.

"பேரச் சொன்னதும் எந்தப் பக்கத்து ஆளுன்னு தெரியக் கூடாது நூரு. புள்ள நிம்மதியா இருக்கட்டும்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மீது இல்லை. வீடு இல்லை என்று பொய் சொன்ன மனுஷன் வெட்கப்படவில்லை, இவள் வெட்கப்பட்டுப் பேரை மாற்றிக்கொண்டாள். அந்த ஆளுக்கு வசதியாக என் பிள்ளைக்கு நான் எதற்குப் பேர் தேட வேண்டும்? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்தது என் வீட்டுக்காரருடைய பெரியத்தா. சவூதியில் வருஷக்கணக்கில் இருந்து வந்தவர், குடும்பத்துக்குப் பெரியவர். பிள்ளையின் காதில் பாங்கு சொல்லி, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியவர் அவர்தான். அவருக்கும் இந்தப் பேர் வேண்டாம். அது நபி பேராம். ஸகரிய்யா என்று சுத்தமாகச் சொல்ல வேண்டுமாம். அரபியில் வரும் அந்த முதல் எழுத்தே இந்த ஊரில் ஒருவருக்கும் வராது, சக்கரை வெல்லம் என்று நாசம் பண்ணுவார்கள், அப்படிக் கெடப்போகிற பேரை என் வாயால் கூப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஒருத்திக்கு இந்தப் பேர் எங்களைக் காட்டிக்கொடுக்கிறது. இன்னொருவருக்கு எங்கள் வாய் பேரைக் கெடுக்கிறது. என் வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மின்விசிறியைப் பார்த்தார். அவர் சுபாவம் உங்களுக்குத் தெரியாததா? நானும் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. வேறு பேர் என்றால் யாரும் கூப்பிடவே வேண்டாம் என்றேன்.

அந்த நேரம் பார்த்து வந்தாள் கன்னியம்மா. மாமல்லபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி, பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று பால்சுறா கொண்டுவந்திருந்தாள். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை, "இன்னா சக்கர பாய், வந்துட்டியா?" என்று தொட்டில் பக்கம் போனாள். பிள்ளை என் மடியில் இருப்பதை அப்புறம்தான் பார்த்தாள்.

பெரியத்தா அவளைத் திருத்தினார். அவளும் வாயைக் கோணிக் கோணிச் சொல்லிப் பார்த்தாள், வரவில்லை. அதற்கெல்லாம் அசருகிறவளா அவள்?

"என் வூட்டுக்காரரு நெஞ்சப் புடிச்சினு வுயுந்தப்ப, இவங்க அத்தா வூட்டு வாசல்ல நின்னுகினு சக்கர பாயின்னுதான் கத்தனேன். சட்ட கூட மாட்டாம ஓடியாந்தாரு. பேரு தப்புன்னு உள்ளயே குந்திகினா இருந்தாரு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது அத்தா. நீங்கள் ஓடியது எனக்குத் தெரியும். அந்தப் பேருக்கு ஓடினீர்கள் என்று அன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியத்தா கையை நீட்டினார். பிள்ளையைக் கொடுத்தேன். பாங்கு சொல்லி முடித்தவர், கொஞ்சம் தயங்கி என்னைப் பார்த்தார். "எப்படிம்மா கூப்புடட்டும்?"

"உங்களுக்கு எப்படி வருதோ அப்படிக் கூப்புடுங்க பெரியத்தா. எங்க அத்தாவ எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டாங்க."

அவர் ஸகரிய்யா என்று கூப்பிட்டார். அழகாகத்தான் இருந்தது, இல்லை என்பானேன்? அடுத்த மூச்சில் கன்னியம்மா சக்கர பாய் என்றாள். ரஹமத் கிளம்பும்போது, வந்த டாக்சிக்காரர் போனில் ரம்யாவா என்று கேட்க, "இல்ல, ரஹமத்" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அடுத்த முறையும் சொல்வாளா? தெரியவில்லை.

எத்தனை விதமாகக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க உங்கள் பேரனைப் பழக்குவேன் அத்தா. டீச்சர் ஒரு விதமாகச் சொல்லட்டும், மேனேஜர் ஒரு விதமாகக் கடிக்கட்டும், அவன் ஓடிப்போய் நிற்பான். ஆனால் பேரை மறைத்துக்கொள் என்று எவராவது அவனிடம் சொன்னால், அவனுக்கு முன்னால் நான் திரும்புவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
சக்கரை பாயின் மகளும்
சக்கரை பாயின் தாயுமான
நூர்ஜஹான்