பிழைத்த மூலைமட்டம்

வெள்ளி, இரவு

அஸர் தொழுகைக்குப் பிறகு மகளின் மரத்தொட்டில் கதவு மறுபடி தானாகத் திறந்தது. நல்லகாலம், மகள் விழுமுன் பிடிக்க நான் பக்கத்தில் இருந்தேன்.

“கதவுப் பிணைச்சல்தான் பிழை” என்றார் என் கணவர்; தொட்டிலைச் செய்த தச்சரும் இவர்தான்.

நான் இவர் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தைப் பலகையில் வைத்துக் கோடு கீறினேன். புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொன்று. மேலே போகப் போக இரண்டும் விலகின; மட்டமே கோணல்.

“என்ட மட்டத்தையே சோதிக்கிறியா புள்ள?” என்று சிரித்தவர், கோடுகளைப் பார்த்ததும் சுத்தியலை எடுத்தார். மட்டத்தின் உள்மூலையில் உளியாணி வைத்துத் தட்டி விரித்தார். திரும்பக் கீறியபோது கோடுகள் ஒன்றாகின.

ஆனால் இதே மட்டத்தில் செய்த இன்னொரு தொட்டில் போன கிழமை சம்மாந்துறைக்குப் போயிருக்கிறது.

“விடிஞ்சதும் போய்த் திருத்துறன்” என்றார்.

விடியும்வரை? அதை வாங்கிய தாய்க்குப் போன் எடுத்தேன். “இண்டைக்குப் பிள்ளையை உங்களோட கிடத்துங்க ராத்தா.”

“ஏன் புள்ள?” என்று கேட்டா.

இவர் போனை வாங்கி, “என்ட பிழை, தங்கச்சி. தொட்டில் கதவு தானாத் திறக்கும்” என்றார்.

இப்போதுதான் அந்த ராத்தா படம் அனுப்பியிருக்கிறா. தொட்டில் நிறைய மடித்த உடுப்பு; பிள்ளை அவவின் பக்கத்தில்.